கால் நீண்டதெல்லாம் விஷமா?

பரணின் அடிப்பக்கம், மாடிப்படி வளைவு, குளியலறை மூலை என்று எங்கும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும் மெலிந்த சிலந்தியைப் பற்றி ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. இருப்பதிலேயே கொடிய விஷம் அதனிடம்தான் இருக்கிறதாம். பல் குட்டையானதால் மனிதத் தோலைத் துளைக்க முடியவில்லையாம். அதனால்தான் நாம் தப்பித்துக்கொண்டிருக்கிறோமாம். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளும் ஆஸ்திரேலியத் தோட்டக்காரர்களும் இதைச் சொல்வார்கள். செல்பேசி வழியாக நம் ஊருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இந்தக் கதையின் முதல் பாதியும் தவறு, இரண்டாவது பாதியும் தவறு.

விஷம் இருப்பது உண்மை. ஏறக்குறைய எல்லாச் சிலந்திகளுக்கும் விஷச் சுரப்பி உண்டு. அது இல்லாமல் அவற்றால் இரை தேட முடியாது. ஆனால் அந்த விஷம் ஈ, கொசு, கரப்பான் குஞ்சு போன்றவற்றின் நரம்பை முடக்குவதற்காக உருவானது. அறுபது கிலோ மனித உடலில் அது என்ன செய்யும் என்பது தனிக் கேள்வி. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000-ஐத் தாண்டிவிட்டன. மருத்துவர்கள் கவலைப்பட வேண்டியவை அவற்றில் மிகச் சிறு பங்குதான்.

தமிழ்நாட்டு வீடுகளில் ஒட்டடைக்குள் இருக்கும் நீள்கால் சிலந்திகளில் மிகப் பரவலானது க்ராஸோப்ரைசா லயோனி. 1867-இல் ஜான் பிளாக்வால் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். உடல் அரை சென்டிமீட்டர் அளவுதான். கால்களோ அதைவிடப் பல மடங்கு நீளம், நெடுகச் சிறு புள்ளிகளோடு இருக்கும். பக்கவாட்டில் உற்றுப் பார்த்தால் வயிற்றின் பின்முனை கூம்பி, குட்டி வால் போல எழும்பி நிற்பது தெரியும். சுத்தமான ஒழுங்கில் வலை பின்னத் தெரியாது. தாறுமாறாக இழை இழுத்துவிட்டு அதில் தொங்கும். துடைப்பக்குச்சி பட்டதும் உடம்பைப் படுவேகமாகச் சுழற்றும். கண்ணுக்கு அதன் உருவமே கலைந்துபோகும். பார்ப்பவர்கள் இதைச் சீற்றம் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். பாய வரும் எதிரிக்குக் குறி தவற வேண்டும் என்பதற்கான தற்காப்பு அது. பெண் சிலந்தி முட்டைகளை மெல்லிய இழையால் சுற்றி உருண்டையாக்கி, குஞ்சு பொரியும்வரை வாயில் கவ்வியபடியே இருக்கும்.

இந்த ஒட்டடைச் சிலந்தியின் குடும்பத்தைச் சேர்ந்த உறவினர் ஒன்று ஆஸ்திரேலிய வீடுகளிலும் உண்டு. அங்கே செம்முதுகுச் சிலந்தி என்று வேறொன்றும் இருக்கிறது. கருவிதவைச் சிலந்தியின் நெருங்கிய சொந்தம். கடித்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான். 1956 முதல் அதற்கு விஷமுறிவு மருந்தே கையில் இருக்கிறது. அந்தச் செம்முதுகுச் சிலந்தியை ஒட்டடைச் சிலந்தி இழையால் சுற்றிக் கொன்று தின்பதை மக்கள் பார்த்திருக்கிறார்கள். 'அவ்வளவு விஷமுள்ளதையே கொல்கிறதென்றால் இதன் விஷம் எப்படிப்பட்டதாக இருக்கும்?' என்ற ஊகத்திலிருந்துதான் கதை பிறந்திருக்க வேண்டும். உண்மையில் வென்றது விஷமல்ல, கால். எட்ட நின்றபடி பின்னங்கால்களால் இழையை வீசி வீசி இரையைக் கட்டிப்போட்டுவிட்டு, அது அசைய முடியாமல் ஆன பிறகுதான் நெருங்கிப் போய்க் கடிக்கும்.

'பல் துளைக்காது' என்ற பாதியை 2004-இல் 'மித்பஸ்டர்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி சோதித்துப் பார்த்தது. அதை நடத்தியவர்களில் ஒருவரான ஆடம் சாவேஜ், ஒட்டடைச் சிலந்திகள் நிறைந்த பெட்டிக்குள் கையை விட்டார். கடித்தது. பல் கால் மில்லிமீட்டர் நீளம்தான் என்றாலும் மேல்தோல் அதைவிட மெல்லியது. சாவேஜுக்கு ஏற்பட்டது சில நொடிகள் நீடித்த இலேசான எரிச்சல், அவ்வளவுதான்.

ஒரே ஒரு மனிதரின் கையை வைத்து முடிவுக்கு வரலாமா என்று கேட்பது நியாயமே. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் உள்ள லூயிஸ் அண்ட் கிளார்க் கல்லூரியில் சிலந்தி விஷம் பற்றி ஆராயும் கிரெட்டா பின்ஃபோர்டும் பமேலா ஜோபெல்-த்ராப்பும் வேறு சிலரும் 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த மெக்சிகோ நாட்டுச் சிலந்தி ஒன்றின் விஷத்தை எடுத்து, அதில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்று பிரித்துப் பார்த்து, பூச்சிகளுக்கு ஊசி வழியாகச் செலுத்தினார்கள். பூச்சிகள் செயலிழந்தன. பாலூட்டிகளைப் பற்றி ஏற்கெனவே கிடைத்திருந்த சான்றுகளையும் தொகுத்தார்கள்; அவற்றில் பெரிய பாதிப்பு எதுவும் தெரியவில்லை. மனிதனைக் கொல்லும் விஷம் என்ற பேச்சுக்கு அந்த ஆய்வில் எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை.

அடுத்தது குளியலறைக் கதவைத் திறந்ததும் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் பெரிய சிலந்தி. ஒட்டடைச் சிலந்தியைவிட ஆயிரம் மடங்கு அதிகம் பயமுறுத்துவது இதுதான். ஹெட்டரோபோடா வெனடோரியா என்று பெயர். இயற்கையியலாளர் லின்னேயஸ் 1767-லேயே பெயரிட்டுவிட்டார். உடல் தட்டை, கால்கள் நண்டின் கால்களைப்போல் பக்கவாட்டில் விரிந்திருக்கும். வலை பின்னாது. இரவில் சுவரேறிக் கரப்பானைத் துரத்திப் பிடிக்கும். வயிற்றுக்கு அடியில் வெள்ளை வில்லை போல ஒன்றைத் தாங்கிக்கொண்டு ஓடினால் அது முட்டைப்பை சுமக்கும் பெண். அந்த நேரத்தில் சீண்டக் கூடாது. கடித்தால் வலிக்கும், கொஞ்சம் வீங்கும், பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். உயிருக்கு ஆபத்தில்லை. சில சமயம் மூலையில் அசையாமல் கிடப்பது சிலந்தியே அல்ல, அது உரித்துப்போட்ட சட்டை. கண், பல் உட்பட அச்சு அசலாக இருப்பதால் அதை விளக்குமாற்றால் அடித்துவிட்டு நிம்மதி அடைபவர்கள் உண்டு.

சிலந்தி கடிப்பது எவ்வளவு அரிது என்பதற்கு அமெரிக்காவின் கான்ஸாஸ் மாநிலத்தில் லெனெக்ஸா என்ற ஊரில் இருக்கும் பழைய வீடு நல்ல சாட்சி. பழுப்புத் துறவிச் சிலந்தி என்பது தோலை அழுகவைக்கக்கூடிய, உண்மையிலேயே ஆபத்தான சிலந்தி. அந்த வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 துறவிச் சிலந்திகளைப் பிடித்தார்கள். ஒரு குடும்பம் பல ஆண்டுகளாக அங்கே வாழ்ந்துகொண்டிருந்தது. ஒருவருக்கும் கடிபட்ட அறிகுறி கிடையாது. கலிபோர்னியாவைச் சேர்ந்த சிலந்தி ஆய்வாளர் ரிக் வெட்டர் 2002-இல் இதை ஆவணப்படுத்தினார். அந்த இனம் வாழவே வாழாத ஊர்களில்கூட மருத்துவர்கள் 'துறவிச் சிலந்திக் கடி' என்று எழுதிக்கொண்டிருந்ததைப் பல கட்டுரைகளில் எடுத்துக்காட்டியவர் அவர்.

அதே 2002-இல் ஆஸ்திரேலியாவில் ஐஸ்பிஸ்டர், கிரே என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்னொரு பெரிய வேலையை முடித்தார்கள். கடித்த சிலந்தியை நோயாளி கையோடு பிடித்துக்கொண்டு வந்தால்தான் கணக்கில் சேர்ப்பது. இனத்தை நிபுணர் உறுதிசெய்ய வேண்டும். அப்படி 750 கடிகளைத் தொகுத்தார்கள். குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்பட்டவர்கள் 44 பேர். அதிலும் 37 பேரைக் கடித்தது செம்முதுகுச் சிலந்தி. கொடிய சிலந்திகளுக்குப் பேர்போன நாட்டில் நிலைமை இது.

பூரான் வகையிலும் நீண்ட கால் ஏமாற்றும். சுவரோரம் சீறிப்பாய்ந்து ஓடி மறையும், இறகு போலக் கால்கள் படர்ந்த ஒன்றைப் பழைய வீடுகளில் பார்க்கலாம். பதினைந்து இணைக் கால்கள். பின்னால் இருப்பவை உடலைவிட நீளம். பார்த்தாலே உடம்பு கூசும். ஆனால் இது மனிதனைக் கடிப்பது மிக அரிது, கடித்தாலும் தேனீ கொட்டிய அளவுக்குத்தான். கரப்பான் குஞ்சும் பூச்சிகளும் இதன் உணவு. மனிதனைப் பதம்பார்ப்பது குட்டைக் கால்களோடு, பட்டையாக, இருபத்தொரு இணைக் கால்களுடன் ஊரும் பெரிய பூரான்தான். ஈரச் செங்கல்லின் அடியிலும் தொட்டிச் செடியின் அடியிலும் சாக்கடை ஓரத்திலும் அது இருக்கும். தலைக்குக் கீழே இருக்கும் முதல் இணைக் கால்கள் விஷக் கொடுக்காக மாறியிருக்கின்றன. அது பிடித்தால் கடுமையாகக் கடுக்கும், வீங்கும், சிலருக்கு ஒரு நாள்கூட நீடிக்கும். மழைக்காலத்தில் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் இதற்குத்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு நீள்காலிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். மழை ஓய்ந்த இரவில் டியூப்லைட்டைச் சுற்றித் தள்ளாடும் 'ராட்சசக் கொசு' கொசுவே அல்ல. அது கடிக்காத ஓர் ஈ வகை. தொட்டால் கால் உதிர்ந்துவிடும், அதைத் தவிர வேறு கதை இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பட்டாணி போன்ற ஒற்றை உடலும் மயிரிழைக் கால்களுமாக நடக்கும் ஓர் உயிரினம் சிலந்தியைப் போலத் தெரியும். அதற்கு நூலும் இல்லை, விஷச் சுரப்பியும் இல்லை. தற்காப்புக்கு ஒரு நாற்றத்தை மட்டும் விடும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கேள்வி மீதி இருக்கிறது. காலையில் எழுந்தால் கழுத்தில் கோடு போட்டாற்போல் கொப்புளம். அது எங்கிருந்து வந்தது? 'எட்டுக்கால் பூச்சி ஊர்ந்திருக்கு, மூத்திரம் பட்டிருக்கு' என்பது வீட்டுப் பெரியவர்களின் உடனடித் தீர்ப்பு. இந்த அத்தியாயத்தில் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். ஏனென்றால் சிலந்தி மேல் பழி போடுவதால் சிலந்திக்கு வரும் கேட்டைவிட மனிதருக்கு வரும் கேடு அதிகம்.

கோடு போன்ற கொப்புளத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு சிறு வண்டு. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, எறும்பைப் போல நீண்ட உடல், ஆரஞ்சும் கருப்பும் மாறிமாறி வரும் நிறம். வயல் பக்கம் வாழும் இது மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வீட்டுக்குள் வரும். கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊரும்போது கை அனிச்சையாகத் தேய்த்து நசுக்கிவிடும். அதன் இரத்தத்தில் இருக்கும் பெடரின் என்ற நச்சு தோலில் பூசப்பட்டுவிடும். எரிச்சல் அப்போதே தொடங்காது. பாதி நாள் அல்லது ஒரு நாள் கழித்துத்தான் தோல் சிவக்கும், பிறகு கொப்புளிக்கும். முழங்கை மடிப்பில் பட்டால் மடித்த இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரியான புண் வரும். அந்தக் கையால் கண்ணைக் கசக்கினால் இமை வீங்கிக் கண் திறக்க முடியாமல் போகும். வண்டு எப்போதோ குளியல் நீரோடு போய்விட்டது. சிலந்தி மட்டும் சுவரில் அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பழி அதன் தலையில் விழுவதில் வியப்பில்லை. உடம்பில் ஊர்வதை நசுக்காமல் ஊதித் தள்ளுவதும், நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுவதும்தான் இதற்கான தற்காப்பு.

இப்படிச் சிலந்தி மேல் பழி விழும் இரண்டாவது நோய், அக்கி. முதுகிலோ விலாவிலோ உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள், அதற்கு முன்பே அந்த இடத்தில் எரிச்சலும் குத்தலும். சின்னம்மை போன பிறகு நரம்பில் ஒளிந்துகொண்டிருந்த அதே வைரஸ் பல ஆண்டு கழித்து மறுபடி எழுவதுதான் இது. எந்தப் பூச்சிக்கும் இதில் பங்கில்லை. காவியால் அக்கி எழுதும் வழக்கம் இன்றும் பல ஊர்களில் இருக்கிறது. எழுதுவது மனதுக்கு ஆறுதல் தரலாம். ஆனால் வைரஸுக்கு எதிரான மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன். 'பூச்சி ஊர்ந்தது, தானாகப் போய்விடும்' என்று ஒரு வாரத்தைக் கடத்தினால், வயதானவர்களுக்குப் புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நரம்பு வலி தங்கிவிடக்கூடும். கண்ணைச் சுற்றி வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

மூன்றாவது, சர்க்கரை நோயாளியின் காலில் வரும் சிவந்த வீக்கம். எதுவோ கடித்துவிட்டது என்று மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருப்பார்கள். பாதி நேரம் அது தோலுக்கு அடியில் பரவும் கிருமித் தொற்று. சிவப்பு நாளுக்கு நாள் விரிந்துகொண்டே போனாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, அது எந்தப் பூச்சி என்ற ஆராய்ச்சியை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போவதே சரி. உடம்பெங்கும் திடீர்த் தடிப்பாக எழும்பும் காணாக்கடியும் இப்படித்தான். பெரும்பாலும் அது ஒவ்வாமை. அதோடு மூச்சுத் திணறலோ உதடு வீக்கமோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

அப்படியானால் வீட்டில் உண்மையாகப் பயப்பட வேண்டியது எதற்கு? முதலில் செந்தேள். நீளமோ பருமனோ இல்லாத, வாலோடு சேர்த்தே விரல் அளவுக்குள் அடங்கும் தேள். இதன் கொட்டு குழந்தைகளின் இதயத்தைத் தாக்கும். வியர்த்துக் கொட்டுவது, வாந்தி, கைகால் சில்லிட்டுப்போவது ஆகியவை அபாய அறிகுறிகள். மகாராஷ்டிரத்தின் மஹாத் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், இரத்த அழுத்தத்துக்கான பிராசோசின் மாத்திரை இந்த விஷத்தின் விளைவைத் தணிக்கிறது என்று கண்டறிந்து 1980-களில் எழுதினார். தேள்கடிச் சாவுகள் அதனால் பெருமளவு குறைந்தன. மாத்திரை வீட்டில் கொடுப்பதற்கானது அல்ல. மருத்துவமனைக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதுதான் வீட்டாரின் வேலை. தென்னிந்தியக் காடுகளை ஒட்டிய வீடுகளில் மரப்பொந்து வாழும் பெரிய மயிர்ச் சிலந்தியும் எப்போதாவது வரும். அதன் கடி தசைப்பிடிப்பை நாட்கணக்கில் கொடுக்கும். கையால் தொடக் கூடாது.

நீண்ட கால் கொண்டவற்றிலேயே வீட்டுக்குள் மனித உயிரை எடுப்பது ஒன்று உண்டு. கொசு. அதனிடம் இருப்பது விஷமல்ல; நோய். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்ட நாளிலிருந்தே இது தெரிந்த செய்தி. பகலில் கடிக்கும், கால்களில் வெள்ளை வளையங்கள் கொண்ட ஏடிஸ் கொசு டெங்குவைக் கொண்டுவருகிறது. நம் வீட்டு ஒட்டடைச் சிலந்தியின் அதே இனத்தைத் தாய்லாந்தில் ஆராய்ந்து 1997-இல் கட்டுரை எழுதியவர்கள், டெங்கு கொசுவைத் தின்னும் உயிரினம் என்ற வகையில்தான் அதில் அக்கறை காட்டினார்கள். சிலந்தியை நம்பித் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து வைக்க முடியாது. ஆனால் கொசுவர்த்தி கொளுத்திவிட்டு அதே அறையில் ஒரு சிலந்தியையும் விடாமல் அடித்துக் கொல்வது கைக்கு எட்டிய உதவியைத் தள்ளிவிடுவதாகும்.

ஒட்டடை அடிக்க வேண்டாம் என்று இதற்குப் பொருள் அல்ல. தூசி படிந்த பழைய ஒட்டடை ஆஸ்துமா இருப்பவர்களுக்கு நல்லதில்லை. அடுப்பு மேடைக்கு மேலும் தொட்டிலுக்கு மேலும் வலை இருக்கவே கூடாது. ஒட்டடைக்கம்பால் வலையை எடுத்தால் போதும், சிலந்தியை நசுக்கத் தேவையில்லை. பெரிய சிலந்தியை வெளியேற்ற, அகலமான பிளாஸ்டிக் டப்பாவைச் சுவரோடு சேர்த்துக் கவிழ்த்து, கெட்டி அட்டையை இடையில் மெல்லச் செருகினால் பிடிபட்டுவிடும். மருந்து அடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மருந்து பட்ட சிலந்தி ஓடிக்கொண்டே கீழே விழும், அது விழும் இடம் படுக்கையாகவும் இருக்கலாம். கரப்பானும் கொசுவும் குறைந்தால் இரை இல்லாமல் சிலந்தியும் தானாகக் குறையும். குழம்பிலோ பாலிலோ சிலந்தி விழுந்துவிட்டால் சுத்தம் கருதி அதைக் கொட்டிவிடலாம். யாராவது தெரியாமல் சாப்பிட்டிருந்தாலும் பதற வேண்டாம். சிலந்தி விஷம் பல் வழியாக உடம்புக்குள் செலுத்தப்பட்டால்தான் வேலை செய்யும்.

கடி நேர்ந்தே விட்டால், சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, துணியில் சுற்றிய ஐஸை வைக்கலாம். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, சுண்ணாம்பு தடவுவது எதுவும் வேண்டாம். வலி அதிகமானால், குழந்தையாக இருந்தால், அல்லது கடித்தது என்னவென்று தெரியாமல் உடல் முழுவதும் அறிகுறி தெரிந்தால், மருத்துவமனை. கடித்ததை அடித்திருந்தால் நசுங்கியதாக இருந்தாலும் ஒரு தீப்பெட்டியில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். அது முடியாவிட்டால் செல்பேசியில் ஒரு படம். அது செந்தேளா, பூரானா, வெறும் ஒட்டடைச் சிலந்தியா என்று தெரிந்தால் மருத்துவர் நேரத்தைக் கடத்தாமல் சிகிச்சையைத் தொடங்கலாம்.